நான் எழுதாமல் விட்ட பெயர்

இன்று காலை பக்கத்து வயலில் மருந்து அடித்தார்கள். ஜன்னலைச் சாத்தியும் வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. நன்னிலத்தில் இருந்த என் உரக்கடையும், வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு "மொதலாளி இருக்காரா?" என்று என்னிடமே கேட்கும் நீங்களும் நினைவுக்கு வந்தீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மறதி இல்லை, அலுப்பு.

ஆற்றில் தண்ணீர் வராத அந்த இரண்டு வருஷமும் ஊரே என்னிடம் கடனுக்கு உரம் வாங்கியது. சம்பா கருகியது. வாங்கியவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் கேட்காமல் விடவில்லை. ஆட்சிக்கு யார் வந்தாலும் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்கிறார்கள், உரக்கடைக்காரன் கடனை எந்தக் கட்சியும் தள்ளுபடி செய்ததில்லை என்று புலம்பினேன். "அடுத்த தேர்தல்ல நீங்களே நில்லுங்க மொதலாளி" என்று சிரித்தீர்கள். மறுநாள் மகளின் நர்சிங் படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு லட்சத்தைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தீர்கள். சீட்டுகூட எழுதிக்கொள்ளவில்லை. அதுவும் போதவில்லை.

நொடித்துப்போனேன் என்று கோர்ட்டில் மனுப்போட்டு, கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் தெரிவிப்பதை நம் பக்கத்தில் மஞ்சள் நோட்டீஸ் என்பார்கள். அதற்கு வக்கீல் தேடி அலைந்தபோது துணைக்கு வந்ததும் நீங்கள்தான். தஞ்சாவூரில் முதலில் பார்த்தவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்ட மச்சினன் பேருக்கு எழுதிட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க." படி இறங்கும்போது நீங்கள், "இவரு நம்மள உள்ள தள்ளிட்டுத்தான் ஓய்வாரு" என்றீர்கள். பிறகு திருவாரூர் கோர்ட்டுக்கு எதிரில் மனு டைப் அடிக்கும் ஆளிடம் போய், இந்த மாதிரிக் கேஸை யார் கடைசிவரை நடத்துகிறார்கள் என்று கேட்டீர்கள். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. அவர் சொன்ன பெயர் ஒரு பெண் வக்கீலுடையது.

அந்த அம்மா எதையும் இனிப்பாகச் சொல்லவில்லை. "மனு போட்ட அன்னிக்கே கடன் போயிடாதுங்க. வீடு, குடோனெல்லாம் கோர்ட் போடுற ரிசீவர் கைக்குப் போயிரும். வித்து எல்லாருக்கும் பங்கு பிரிப்பாங்க. சமையல் பாத்திரம், படுக்கை, வீட்டம்மா தாலி, இதையெல்லாம் தொடமாட்டாங்க. பேங்குல அடமானம் வெச்சது தனி, அத பேங்க் விடாது. இப்பப் போயி சொத்த யாருக்காவது எழுதிக் குடுத்தா அது நிக்காது. ஒழுங்கா நடந்துக்கிட்டா கடைசியில மிச்சக் கடன்லேருந்து விடுதலை கேக்கலாம்." என் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பதினொரு பேர். "கடன் குடுத்தவங்கள்ல ஒருத்தரக்கூட விடக்கூடாது. விட்டா மறைச்சதா ஆயிரும், அவருக்குப் பங்கும் கெடைக்காது. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க" என்றேன்.

உறவுக்காரனுக்கும் சிநேகிதனுக்கும் மஞ்சள் நோட்டீஸ் அனுப்புவது அவன் முகத்தில் துப்புவது போல. அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் நம் பக்கத்து மரியாதை. நானும் அதைத்தான் செய்தேன்.

"பன்னெண்டாவதா ஒரு பேரு இருக்குங்கம்மா" என்றீர்கள். "என் பேரு." அந்த அம்மா பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. நீங்களே வாங்கி, உங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அங்கே வெடித்தீர்கள். "எங்கப்பா கூலி கேட்டுக் கொடி புடிச்சாருன்னு ஒங்க வீட்டுக் களத்துல ஒரு அறுப்பு முழுக்க அவரு பேர கூலிப் பட்டியல்ல எழுதல. எனக்கு ஒம்பது வயசு. வீட்ல கஞ்சி இல்ல. இன்னிக்கு நீங்களும் எழுதாம விடுறீங்க."

"மரியாதைக்காகத்தான்..." என்றேன்.

"மரியாதன்னா எழுதுங்க."

அந்த அறுப்பை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த வருஷம் அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள் என்று மட்டும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஏன் வந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ரிசீவர் விற்றுப் பிரித்ததில் உங்களுக்கு வந்த பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. மகளை ஒரு வருஷம் தாமதமாகத்தான் சேர்த்தீர்கள். நீங்கள் போன பிறகு எனக்கு விடுதலை உத்தரவு வந்தது. சட்டப்படி உங்களுக்கு நான் ஒன்றும் தரவேண்டியதில்லை. அரிசி மில்லில் கணக்கெழுதும் சம்பளத்தில் மாதாமாதம் உங்கள் மகளுக்கு அனுப்புகிறேன். "கோர்ட்டே விட்டுருச்சு, நீங்க ஏன் மாமா ஒடம்ப கெடுத்துக்கிறீங்க?" என்று திட்டுகிறாள். அவள் இப்போது பெரியாஸ்பத்திரியில் நர்ஸ்; எல்லாரையும் திட்டுகிறாள்.

ஆனால் இதை எழுதத் தூண்டியது பணம் இல்லை. மனு விசாரணைக்கு வந்த நாள். கடன் கொடுத்தவர்களைக் கோர்ட் டவாலி ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். உங்கள் முறை வந்தபோது, உங்கள் அப்பா பெயரைச் சொல்லி, அவர் மகன் என்று உங்கள் பெயரையும் சேர்த்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி மூன்று தடவை கூப்பிட்டான். முதல் தடவையே நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். ஆனாலும் மூன்றும் முடியும்வரை வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் "இருக்கேங்க" என்றீர்கள்.

வெளியே டீக்கடையில், "எங்கப்பா பேர எப்படிக் கூப்பிட்டான் பாத்தீங்களா?" என்று கேட்டு எனக்கும் சேர்த்து வடை சொன்னீர்கள். என் வீடு ஏலத்துக்குப் போக இருந்தது. உங்கள் லட்சமும் போயிருந்தது. உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வக்கீல் அறையில் நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், உங்களுக்கு மரியாதை செய்துவிட்டேன் என்ற நினைப்பிலேயே நான் செத்திருப்பேன்.