உன் இஷ்டம் என்றால் உன் இஷ்டம்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி எல்லோரும் சுகம். நீயும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் என்றைக்கும் என் வேண்டுதல், அதில் மாற்றம் இல்லை, ஆனால் இன்றைக்கு அதற்கு மேல் அன்பாக எழுத எனக்கு வரவில்லை, உன்மேல் அவ்வளவு ஆத்திரத்தில் இருக்கிறேன். தென் துருவத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், கப்பல் கிளம்பப் போகிறது, இந்த நேரத்தில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீயாகவே ஒரு முடிவு கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை போய் வேண்டாம் என்று சொல்லப் போகிறாயாம். தம்பி நேற்றுதான் வாயைத் திறந்தான். இந்தக் கடிதத்தை அவன் போட்டோ எடுத்து உடனே உனக்கு அனுப்பிவிடுவான், காகிதம் பின்னால் தபாலில் வரும். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் பேசித்தானே இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறோம். என் குரல் ஒரு மாதிரி இருந்தது, மூச்சு ஒரு மாதிரி இருந்தது என்று நீ ஏதாவது கண்டுபிடிப்பாய். எழுத்துக்கு மூச்சு கிடையாது, எழுதினது எழுதினதுதான், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நீ அனுப்பின புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை அனுப்பி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் அம்மா பயப்படாம படி, கடைசியில எல்லாரும் உயிரோட திரும்பி வந்துடறாங்க என்று எழுதி வைத்திருக்கிறாய். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு யாராவது கதைப் புத்தகம் கொடுப்பார்களா? இருந்தாலும் நீ போகப் போகிற இடமாயிற்றே என்று ஒரு வரி விடாமல் படித்தேன். எனக்கு வாசிக்க நேரம் எங்கே இருக்கிறது, ஆஸ்பத்திரி சமையலறையில் இட்லிக் கொப்பரை மாதிரி நாளெல்லாம் வெந்துவிட்டு வந்து, பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன், கண்டக்டர் கூட என்னம்மா பரீட்சையா என்று கேட்டார். கதை என்னவென்றால், அந்தக் காலத்தில் கொஞ்சம் பேர் துருவத்துக்குப் போய்ப் பலகையால் ஒரு வீடு கட்டிக்கொண்டு தங்குகிறார்கள். கோடையில் கூட்டிப் போக வர வேண்டிய கப்பல் பனிக்குள் வழி கிடைக்காமல் அப்படியே திரும்பிப் போய்விடுகிறது. இருக்கிற மிச்ச சொச்சச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு இன்னொரு குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். இதுதான் என் பயத்தைப் போக்க நீ தேடிப் பிடித்த புத்தகம்! உன் புத்தியை என்னவென்று சொல்வது. பனி எப்படி எப்படியெல்லாம் இருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவு பேர் சாப்பிட்ட பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று ஒரு வரி கிடையாது. எனக்கு அதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

சரி, நல்ல விஷயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தலைவர் இருக்கிறாரே, அவருக்குக் கொஞ்சம் விவரம் உண்டு. கப்பல் வராது என்று தெரிந்த அன்றைக்கு அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, போய் முகம் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ரெடி என்றுதான் சொல்கிறார். இருட்டோ வெளிச்சமோ அந்தந்த நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பகலில் படுக்கக் கூடாது, ஈரக் காலுறையோடு தூங்கக் கூடாது என்று சட்டம் போடுகிறார். இதையெல்லாம் நான் உனக்குச் சொன்னபோது தொணதொணப்பு என்றாய், அவர் சொன்னால் வீரசாகசமா? இன்னொன்று, அந்தக் கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற ஒருத்தன் இருக்கிறான், அவனை மூலையில் தள்ளாமல் தன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டுக்கொள்கிறார். அது எனக்குப் பிடித்தது. எங்கள் சமையலறையில் காய் நறுக்குகிற புலம்பல் ராணியை நான் என் கண்ணுக்கு எதிரேதான் நிறுத்தியிருக்கிறேன், தூரத்தில் நின்று புலம்பினால் பத்துப் பேர் காதில் விழும், பக்கத்தில் நின்று புலம்பினால் என் காதோடு போயிற்று. அங்கேயும் உனக்கு அப்படி ஒரு ஆள் வாய்க்காமல் இருக்க மாட்டார். பக்கத்தில் வைத்துக்கொள். அந்த ஆளாக நீயே ஆகிவிடாதே, அதுதான் முக்கியம்.

எனக்குக் கோபம் வந்தது புத்தகத்தில் வருகிற அந்த டாக்டர் விஷயத்தில்தான். கால் விரல் மரத்துப் போய்க் கறுத்துக்கொண்டே வருகிறது, ஊருக்கெல்லாம் காலைக் காட்டு கையைக் காட்டு என்கிறவர் தன் காலை மட்டும் போர்வைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்கிறார். ஏன் என்றால் மற்றவர்கள் கவலைப்படுவார்களாம். கடைசியில் என்ன, விரலும் போயிற்று, அவரைச் சுமக்கிற வேலையும் மற்றவர்கள் தலையில் விழுந்தது. படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. போன வருஷம் காய்ச்சலில் கிடந்துகொண்டே தொண்டை கொஞ்சம் வறண்டிருக்கும்மா என்றவள்தானே நீ. அங்கே போய் அந்த வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. வலித்தால் வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல். உன்னை யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும், விரல் உன்னுடையது.

இங்கே உன் அப்பா அடிக்கிற கூத்தைக் கேட்டால் சிரிப்பாய், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மீன் கிடங்கின் குளிர் அறையில் மெக்கானிக்காக இருந்தாலும் இருந்தார், துருவம் என்னவோ அவருடைய கிடங்குக்குப் பக்கத்துத் தெரு மாதிரி பேசுகிறார். குளிரு ஒண்ணும் பண்ணாது, காத்துதான் எதிரி என்று சாப்பிடும்போது தினமும் ஒரு பாடம். கிடங்கில் போடுகிற தடிக் கோட்டை உனக்காக எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார், வீடே மீன் நாற்றம், அதைப் போட்டுக்கொண்டு நீ போய் இறங்கினால் அங்கே இருக்கிற பென்குவின் எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு உன் பின்னால் வரும். மாடி வீட்டு டீச்சரம்மா இருக்கிறாளே, அவள் படியில் என்னை நிறுத்தி, கல்யாண வயசுல இருக்கிற பொண்ணைப் பனிக்குள்ள அனுப்பறீங்களாமே, மனசு வருதா என்று கேட்டாள். பனிதான் டீச்சர் உருகும், எம் பொண்ணு உருக மாட்டா என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊர் வாயை அடைக்க இங்கே நான் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறேன், நீ அங்கே அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்கிறாய். எங்கே போய் முட்டிக்கொள்வது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புத்தகத்தில் ஒரு இடம் வருகிறது. புயல் அடிக்கும்போது வெளியே காற்றும் குளிரும் அளக்கிற கருவியைப் பார்க்கப் போகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போக வேண்டும், மறுமுனை வாசலில் சமையல்காரன் கையில். இரண்டு தரம் இழுத்தால் கயிற்றை இன்னும் விடு என்று அர்த்தம். பிறகு ஒருநாள் அந்த ஏற்பாட்டை மாற்றி, இரண்டு தரம் இழுத்தால் ஆபத்து, உள்ளே இழு என்று ஆக்கிவிடுகிறார்கள், ஒருத்தன் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் பாவம் பாதி வழியில் நின்று, கயிறு போதவில்லை என்று இரண்டு தரம் இழுக்கிறான், உள்ளே எல்லோரும் ஐயோ என்று சேர்ந்து பிடித்து அவனைப் பனியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போடுகிறார்கள். அவன் திட்டிக்கொண்டே மறுபடி போகிறான், மறுபடி இழுக்கிறான், மறுபடி தரதர. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இதை நான் வாசித்துக் காட்ட, உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தவன், நம்ம வீட்லயும் இதுதாம்மா நடக்குது, அக்கா வேலை வேண்டாம்னு சொல்லப் போறா, நீ உன் இஷ்டம்னு சொல்லிட்டியாமே என்றான். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆமா சொன்னேன், உன் இஷ்டம்னுதான சொன்னேன், வேண்டாம்னா சொன்னேன் என்றேன். அப்பாவும் பிள்ளையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நீ உன் இஷ்டம்னு சொன்னா வேண்டாம்னுதானேம்மா அர்த்தம் என்றான் அவன்.

பார் அநியாயத்தை. நீ போன் பண்ணின நேரம் என்ன நேரம் தெரியுமா. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்று போய்ச் சாப்பாட்டு வண்டியெல்லாம் கீழேயே நிற்கிறது, உப்பில்லாச் சாப்பாடு எது உப்புச் சாப்பாடு எது என்று தெரியாமல் புதுப் பெண் மூடியை மாற்றிப் போட்டுவிட்டாள், அடுப்பில் பால் பொங்குகிறது, அந்த நேரத்தில் நீ, அம்மா நான் துருவத்துக்குப் போகட்டுமா என்கிறாய். நீ வேண்டாம்னா போகலை என்று ஒரு வால் வேறு. கரண்டியும் கையுமாக நின்றுகொண்டு மனசாரச் சொன்னேன், உன் இஷ்டம் பாப்பா என்று. வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும், பூரண கும்பம் தூக்க வேண்டுமா? இதை உன் அப்பாவிடம் கேட்டால் அவர் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பழைய கதையெல்லாம் எடுக்கிறார். அந்த செகண்ட்ஹேண்ட் காரை வாங்கட்டுமான்னு கேட்டேன், உங்க இஷ்டம்னே, வாங்கினேனா? இவன் தாடி வைக்கட்டுமான்னு கேட்டான், உன் இஷ்டம்டான்னே, மறுநாள் காலைல மழமழன்னு வந்து நின்னானா இல்லையா? இத்தனை வருஷமா அந்த வார்த்தைக்கு இந்த வீட்ல ஒரே அர்த்தம்தான், நீ திடீர்னு மாத்தினா எங்களுக்கு எப்படித் தெரியும், வாசல்ல நோட்டீஸ் ஒட்டினியா என்கிறார். காரும் தாடியும் வேறு, இது வேறு என்றேன். அது அவளுக்கு எப்படிடீ தெரியும் என்கிறார். பெற்ற பெண்ணுக்கு அம்மா சொல்வதன் அர்த்தம் கூடவா தெரியாது? புருஷனுக்குத்தான் தெரியவில்லை என்றால் உனக்குமா? அப்புறம்தான் எனக்கு விளங்கியது, நீ புத்தகம் அனுப்பினதே என் மனசை மாற்றத்தான் என்று. ஏற்கெனவே சம்மதித்த மனசை மாற்ற இவ்வளவு பெரிய புத்தகம்!

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதையும் மோப்பம் பிடித்துவிட்டு வேறு அர்த்தம் எடுப்பாய். என் குரல் ஒரு மாதிரி இருந்தது என்று தம்பியிடம் சொன்னாயாம். இருந்திருக்கும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது பாப்பா. கப்பல் திரும்பிப் போய்விட்டால் அப்புறம் கோடை வரைக்கும் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது என்று நீதான் சொன்னாய். உனக்கு ஒன்றென்றால் நான் எந்த பஸ்ஸைப் பிடித்து வருவேன். இரவும் பகலும் இருட்டாக இருக்கிற இடத்தில் என் பெண் எழுந்தாளா, தின்றாளா என்று நினைத்துக்கொண்டு இப்போதே ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இந்தப் பயம் நீ போனாலும் இருக்கும், இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும் இருக்கும், நீ ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டபோதும் இருந்தது. ஆனால் பயம் வேறு, வேண்டாம் வேறு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்காதே. பயம் என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதைக் காரணமாகக் காட்டி நீ அந்த வேலையை விட்டாய் என்றால், நாளைக்கு நீ என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அந்தக் கப்பல்தான் தெரியும். அந்தப் பழியை நான் சுமக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

உன் அப்பா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, போகட்டும்னு எழுது, போகட்டும்னு எழுது என்று உயிரை வாங்குகிறார். போகட்டும் என்று எழுத நீ என்ன தொலைந்து போன சாமானா? உனக்கு நேராகவே எழுதுகிறேன், இதற்கு உள்ளர்த்தம் வெளியர்த்தம் எதுவும் கிடையாது, தம்பியைக் கூப்பிட்டு இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிச் சரி பார்த்தாயிற்று. எனக்குச் சம்மதம். போய்விட்டு வா.

நன்றாக இரு, பெயரும் புகழுமாக இரு, ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்து நில். வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்து முடித்ததும், நெஜமாவாம்மா என்று எனக்குப் போன் பண்ணினாயோ, கெட்ட கோபம் வரும். முதலில் வேலை கொடுத்தவர்களுக்குப் போன் பண்ணி வருகிறேன் என்று சொல். என்னோடு அப்புறம் பேசலாம், நான் எங்கே போய்விடப் போகிறேன்.

இப்படிக்கு,
பயத்தோடும் முழுச் சம்மதத்தோடும்,
உன் அம்மா