பாலாடையும் பிரேக் டிரம்மும்

ஜனவரி 20, 2025, திங்கள்

வாசலில் இரண்டு ரோஜாத் தொட்டிகள் போயின. கேட் தூணில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு. ஆளுக்குச் சேதமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தன் படகுக்குச் சாயம் பூச வேண்டும், கடலிலிருந்து கரையேற்ற வேண்டும் என்று யோசுவா சனிக்கிழமை நம் டிரெய்லரைப் பூவாற்றுக்குக் கொண்டுபோயிருந்தார். இன்று திருப்பிக் கொண்டுவந்தபோது நம் வீட்டு இறக்கத்தில் ஜீப் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. ஜீப்பைப் பின்னாலிருந்து தள்ளித் தூணில் சாய்த்துவிட்டது.

எனக்குக் கோபம். "உப்புத் தண்ணியில இறக்கிட்டுக் கழுவாமக் கொண்டுவந்தா பிரேக் எப்படிப் பிடிக்கும்?" என்றேன்.

"கழுவினேன் மைனி. ரெண்டு வட்டம் கழுவினேன்."

"பொய் சொல்லாதீங்க."

என் கணவரோடு சேர்ந்து முப்பது வருஷம் படகு விட்ட மனிதர். அண்ணன் மனைவியை அழைப்பதுபோல் என்னை மைனி என்றே அழைப்பார். இன்று டிரெய்லர் கொக்கிப் பூட்டின் சாவியைச் சமையல்காரி தாசம்மாளிடம் நீட்டி, "சரி மேடம். நான் வாறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

மேடமாம். இருக்கட்டும். தப்பு தப்புதான்.

ஜனவரி 21, செவ்வாய்

நல்ல வெயில். தேநீர் சரியான நிறத்தில் வந்தது.

பிப்ரவரி 15 இவருடைய பிறந்தநாள். இருந்தவரை அன்றைக்கு என்னைப் பூவாற்றுக் காயலில் படகில் கூட்டிப்போவார். போன பிறகு, இந்த நான்கு வருஷமும் யோசுவா கூட்டிப்போகிறார். எங்கள் படகின் பக்கத்தில் இவரே எழுதிய என் பெயர்: 'சுசீலா'. சுசீலா பாயில் 'பாய்' எங்கே என்று அன்றைக்கே இவரிடம் கேட்டேன். இடமில்லை என்றார். அளந்து பார்த்தேன், இடம் இருந்தது.

இந்த வருஷமும் போவேன். யோசுவா வராவிட்டால் வேறு ஆள் கிடைக்காமலா போகும்?

யார்?

ஜனவரி 22, புதன்

டிரெய்லரை என் கணவரே செய்தார். அம்பாசடர் காரின் பின் அச்சு. அதன் பிரேக்கையும் விடாமல் பொருத்தினார். பராமரிப்புக்கு ஒரு தாள் எழுதி ஷெட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். மழை ஒழுகி இரண்டு ஓரமும் அழிந்துபோயின. நடுவில் 'டிரம்முக்கு நல்ல' என்பது மட்டும் தெளிவு. நல்ல எண்ணெய்தான், வேறென்ன? மளிகைச் சீட்டில்கூட அப்படித்தான் பிரித்து எழுதுவார். அவர் கையெழுத்தை என்னைத் தவிர ஒருவரும் வாசிக்க முடியாது.

எப்போது விட வேண்டும் என்பது அழிந்துவிட்டதால், மாதத்தின் முதல் சனி என்று நானே ஒழுங்கு வைத்தேன். குழந்தைக்கு மருந்து புகட்டும் வெள்ளிப் பாலாடையால், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மின் துளை வழியே, பக்கத்துக்கு இரண்டு பாலாடை. ஒரு மாதம் தவறியதில்லை. இவ்வளவு கவனித்த பொருளை ஒரே நாளில் கெடுத்துவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

ஜனவரி 24, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

பாறசாலையிலிருந்து மெக்கானிக் ஜெயந்த் வந்தார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மா, துரு ஒரு பொட்டுகூட இல்ல. உப்பு ஏறினா இப்பிடியா மினுங்கும்? கொண்டுபோன ஆளு நல்லா கழுவியிருக்காரு, பாத்துக்கிடுங்க. இது வேற சங்கதி. மணத்துப் பாருங்க."

மணத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய்.

"இட்லியும் பொடியும் இருந்தா இங்கயே இருந்து சாப்பிடலாம்" என்றார். தாசம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிரேக் பிடிப்பது உரசலால். டிரம்மோடு உரசும் லைனிங் எண்ணெயைக் குடித்து ஊறிவிட்டது. இனித் துடைத்தும் பயனில்லை, மாற்ற வேண்டும். தூணில் இடித்ததில் கேபிளும் அறுந்திருக்கிறது. இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார்.

"அப்போ டிரம்முக்கு ஒண்ணுமே விட வேண்டாமா?"

"என்னத்துக்கு? கடல்ல இறக்கினா நல்ல தண்ணி விட்டு அலசணும். அவ்வளவுதான்."

நல்ல தண்ணி.

உப்பில்லாத தண்ணீரை எங்கள் பக்கத்தில் வேறெப்படிச் சொல்வார்கள்? நானே தினமும் தாசம்மாளிடம் "நல்ல தண்ணி பிடிச்சியா" என்று கேட்கிறேன். நாற்பத்தெட்டு மாதம் — பாலாடையால் — என் கையாலேயே —

அந்த மனிதரிடம் பொய் சொல்லாதீங்க என்றேனே.

ஜனவரி 29, புதன்

பழவங்காடியில் பிரேக் லைனிங் அடிக்கும் கடை. ஜெயந்த் போதும் என்றாலும் நானும் கூடப் போனேன். பழைய லைனிங்கைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்து ரிவெட் அடித்தார்கள். ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு ரிவெட்டின் தலை லைனிங்குக்கு மேலே நின்றது, டிரம்மைக் கீறிவிடும். மறுபடி அடிக்கச் சொன்னேன்.

"அம்மச்சி இன்ஸ்பெக்டராணோ?" என்று மலையாளத்தில் கேட்டார் கடைக்காரர்.

அல்ல என்றேன். ஆனால் மனதுக்கு நன்றாக இருந்தது. வரும் வழியில் இரண்டு ரோஜாத் தொட்டிகள் வாங்கினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து யோசுவாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். அழகாக இருந்தது, ஆகவே கிழித்துவிட்டேன். பிறகு தமிழில், 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது.' கான்வென்டில் இலக்கணம் எடுத்த சிஸ்டர் இருந்தால், செய்தது யார், எழுவாய் எங்கே என்று பிரம்பைத் தட்டியிருப்பார். 'நான் தவறு செய்தேன்' என்று திருத்தினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கடிதத்தை அனுப்பவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் பூவாற்றுக்குப் போனேன். தாசம்மாள் துணைக்கு. யோசுவா தன் படகைக் கவிழ்த்துப் போட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்று நாற்காலி போட்டார்.

உட்காரவில்லை. "நல்ல தண்ணியை நல்லெண்ணெய்னு வாசிச்சேன். நாலு வருஷமா நான்தான் ஊத்தினேன். நீங்க கழுவினது உண்மை. பொய்னு சொன்ன நான்தான் தப்பு" என்றேன். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த வாக்கியங்கள்.

அவர் சிரிக்கவில்லை. தூரிகையை வெகுநேரம் துடைத்தார். "பதினஞ்சாம் தேதி எத்தன மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஏழு என்றேன். மைனி என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜெயந்த் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார். புதிய கேபிள், புதிய லைனிங். டிரம்மையும் லேத்தில் லேசாகக் கடைந்து வாங்கியிருக்கிறார். கேட் தூண் சிமென்ட் பூசி நேராக நிற்கிறது. பாலாடையைப் புளி போட்டுத் துலக்கி உள்ளே வைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே யோசுவா வந்தார். புதிய சட்டை.

எங்கள் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, வீட்டு இறக்கத்தில் பாதியில் ஜீப்பை நிறுத்திச் சோதித்தார். ஜீப் நின்றது. டிரெய்லரும் நின்றது.

காயலில் காற்று அளவாக இருந்தது. என் கணவருக்குப் பிடித்த இடத்தில், கழிமுகத்துக்கு இப்பால், என்ஜினை அணைத்துவிட்டு தாசம்மாளும் சேர்த்து மூவரும் வட்டயப்பம் சாப்பிட்டோம்.

கரையேறியதும் யோசுவா ஜீப்பிலிருந்து ஒரு பெரிய கேனை இறக்கி என் முன்னால் வைத்தார். அதன்மேல் சிவப்புச் சாயத்தில், இரண்டு விரல் உயர எழுத்துகளில்: நல்ல தண்ணி.

"டிரம்முக்கு விடணும். நல்லா வாசிச்சுப் பாத்துட்டு விடுங்க, மைனி."

தண்ணீர் என்று எழுதியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.