உங்கள் அறைக்குக் காபட் போட்டாயிற்று

வாப்பா,

உங்கள் அறைக் கதவைத் திறந்தால் புதுப் பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடிக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. நீங்கள் இருந்தவரை இந்த அறையில் தைலமும் கருவாடும் மணந்தன. இப்போது சுவருக்குச் சுவர், தரையில் ஒட்டுகிற பிளாஸ்டிக் காபட். நீலக் கட்டம், கட்டத்துக்குள் சிவப்புப் பூ. கடையில் சாம்பல் நிறத்தில் அடக்கமான ஒன்றும் இருந்தது. உங்கள் கண்ணில் எது குத்துமோ அதைத்தான் வாங்கினேன்.

மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களின் குறையைப் பேசக்கூடாது என்று நீங்களே சொல்வீர்கள். நான் குறையைப் பேசவில்லை. தரையைப் பேசுகிறேன்.

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேன். கரைத்தீவுக்கு வந்து முதலில் கிடுகு ஓலைக் கொட்டில், பிறகு இந்தக் கல்வீடு. சுவர் எழும்பியது, கூரை வந்தது, தரை மட்டும் வரவில்லை. மண்ணை இறுக்கி, மேலே சீமெந்தைக் கஞ்சி மாதிரி ஊற்றிவிட்டுப் போதும் என்றீர்கள். கொஞ்சம் மினுக்கிப் பூசினால் என்ன என்று உம்மா கேட்டார். கதிரையில் உட்கார்ந்தபடி கைத்தடியால் தரையில் ஒரு குத்துக் குத்தினீர்கள்.

"நாளைக்கு ஊருக்குப் போற ஆக்களுக்கு இஞ்ச என்னத்துக்கு மினுக்கம்?"

எதற்கும் அதே பதில், அதே குத்து. நாளை வரவில்லை. தரைதான் பொரிந்து பொரிந்து மணலாய் உதிர்ந்தது. காலையில் கூட்டினாலும் மணல், பின்னேரம் கூட்டினாலும் மணல். உம்மாவின் குதிக்கால் வெடிப்புகளில் அது ஏறிக்கொள்ளும். தலையில் குத்துகிற ஊசியால் கிண்டி எடுப்பார். அவர் மௌத்தான அன்று குளிப்பாட்ட வந்த பெண்கள் அந்தக் கால்களைத்தான் அதிக நேரம் கழுவினார்கள். உங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

சண்டை முடிந்து மன்னார்ப் பாதை திறந்தபோது ஊரில் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சிலர் அங்கேயே நின்றார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, தொழில் இங்கே என்று சிலர் திரும்பி வந்தார்கள். நீங்கள் மட்டும் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. அந்த நேரத்தில்தான் கற்பிட்டியிலிருந்து எனக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள்.

எங்களிடத்தில் வீடு பெண்ணோடு சேர்ந்தது, மாப்பிள்ளைதான் இங்கே வந்து குடியிருப்பார். அதனால் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அது தெரிந்து, தையல் வகுப்பு நடத்திச் சம்பாதித்ததில் நான் ஒரு காபட் சுருள் வாங்கியிருந்தேன். அது முச்சக்கரவண்டியில் வந்து இறங்கியது. கட்டியிருந்த கயிற்றைக்கூட அவிழ்க்கவிடாமல், அதே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினீர்கள். "இத ஒட்டினா நாங்க இஞ்சயே ஒட்டிருவம்" என்றீர்கள்.

மாப்பிள்ளையின் தாய் முன்னறையில் நின்று காலைத் தரையில் ஓர் இழுப்பு இழுத்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். மணல். உங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

"இது எங்கட ஊடு இல்ல. எங்கட ஊடு மன்னார்ல. மகளுக்கு அங்கதான்."

"அங்க இப்ப ஆரு இருக்கா?"

"இப்ப காடுதான். வெட்டினாச் சரி."

சர்பத்தைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நான் மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தேன். எல்லோரும் செருப்பைக் கண்டபடி கழற்றிப் போட்டிருக்க, அவர் மட்டும் தன்னுடையதைச் சோடியாக ஓரத்தில் வைத்திருந்தார். பிறகு கண்டக்குழியில் கலியாணம் முடித்தார் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் வீட்டுத் தரை எப்படி என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்து நீங்கள் செய்ததை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வீடு கட்டுகிறவன் சுவரை எழுப்பி, கூரையைப் போட்டு, கடைசியில்தான் தரையைப் பூசுவான். நீங்கள் மன்னாரில் காடு வெட்டி, பழைய அத்திவாரத்தை நிரப்பி, முதல் வேலையாகத் தரையைப் பூசினீர்கள். பழைய வீட்டில் இருந்த மாதிரியே சிவப்புத் தரை, முகம் தெரிகிற மினுக்கம். அதோடு கையிலும் ஒன்றும் இல்லை, உடம்பிலும் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தவர்தான். தங்கச்சியும் நானும் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். ஊர் மாடெல்லாம் அதன்மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எனக்குக் கிடைக்காத மினுக்கத்தில் மாடு படுத்திருக்கிறது என்று சொன்னேன். தங்கச்சி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நீங்கள் போய் நாற்பதாம் நாள் கழிந்ததும் தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்தது. அவள் கலியாணமும் இந்த மணலில் போவதற்கு நான் விடுவதாக இல்லை. அவர்கள் வருவதற்கு முன் வீடு முழுக்கக் காபட், முதலில் உங்கள் அறை. சுருளை முற்றத்து வெயிலில் விரித்து மடிப்பு விழாமல் இளகவிட்டோம். உங்கள் கட்டிலையும் கதிரையையும் தூக்கி வெளியே வைத்தேன். கைத்தடியைத் தேங்காய் பறிக்கிற கொக்கத்தடியோடு சாத்திவிட்டேன். காபட்காரர் தரையைத் தடவிக்கொண்டு வந்தவர், கதிரை இருந்த இடத்தில் நிறுத்தினார். கைத்தடி குத்திக் குத்தி ஒரு கை கொள்கிற பள்ளம்.

"டீச்சர், இத சீமெந்து வச்சு அடைக்கணும். இல்லாட்டி மிதிக்க மிதிக்க இதிலதான் கிழியும்."

"அடைக்க வேணாம். அப்பிடியே மூடுங்க."

"ஒரு கரண்டி சீமெந்துதான் போகும்."

"அதுவும் வேணாம்."

எங்களுக்கு நீங்கள் கொடுக்காத சீமெந்தை உங்கள் பள்ளத்துக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பசை பூசினார். சுவரோரம் மிஞ்சியதைப் பிளேடால் கீறி எடுத்தார். பூவுக்குப் பூ பொருத்தி மூட்டினார். உங்கள் பள்ளத்தின்மேல் ஒரு சிவப்புப் பூ வந்து படுத்தது. அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். அறை அறையாகக் காட்டினேன். இந்தத் தாயும் காலை இழுத்துத்தான் பார்த்தார், எல்லாத் தாய்மாருக்கும் ஒரே புத்தி. பாதத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. முகம் மலர்ந்து, உங்கள் அறைக்குள் இன்னும் இரண்டு எட்டு வைத்தார். கால் இறங்கியது.

"இஞ்ச என்ன புள்ள, பள்ளம்?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். ஒரு கரண்டிச் சீமெந்துக்குக் கணக்குப் பார்த்து அவள் வாழ்க்கையையும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"அது எங்கட வாப்பா இருந்த இடம்" என்றேன்.

அந்தத் தாய் காலை எடுத்துத் தள்ளி வைத்தார். "அல்லாஹ் அவரப் பொருந்திக்கொள்ளட்டும்" என்றார். குனிந்து அந்தப் பூவைக் கையால் ஒரு தரம் தடவியும் விட்டார். நான் ஆமீன் சொன்னேன், உள்ளே எரிந்தது. உங்களை மூடுவதற்கு வாங்கிய காபட்டிலும் மரியாதையை வாங்கிக்கொண்டீர்கள்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை உங்கள் அறையில்தான் குடியிருக்கப் போகிறார். உங்களை மன்னித்துவிடும்படி ஊரார் சொல்கிறார்கள். அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

இப்போதும் அறைக்குள் போகும்போதெல்லாம் குதிக்காலைச் சரியாக அந்தப் பூவில் வைத்து ஓர் அழுத்து அழுத்துகிறேன். என்றாவது அது கிழியும். கிழியட்டும். மிஞ்சிய துண்டைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன், அதில் இன்னொரு சிவப்புப் பூ இருக்கிறது. கிழிந்த அன்றைக்கே வெட்டி ஒட்டிவிடுவேன் வாப்பா. நாளைக்கு என்று தள்ளிப் போட மாட்டேன்.