ஏழாம் நம்பர் மலையின் பத்து மணித் தேத்தண்ணி

அனுப்புபவர்:
சூ. ஞானரட்ணம்,
பிரதேசச் செய்தியாளர்,
இல. 14, மேல் டிவிசன்,
லின்டர்மோர் தோட்டம்,
கந்தப்பளை வழி.

பெறுபவர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை,
சவுக்குச்சந்தி.

விடயம்: லின்டர்மோர் தோட்டத்தில் பரவிய செங்கமாரிக்குத் தேநீர் காவும் தொழிலாளி காளியாயியே காரணம் எனக் கொள்ளும் இடைக்கால அறிக்கையைத் திருத்துதல், ஏழாம் நம்பர் மலைப் பீலியை மூடுதல் என்பன தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாவட்ட நீர்ப் பரிசோதனைக் கூடம் 2025.07.10 அன்று வழங்கிய அறிக்கையின்படி, எமது தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையிலுள்ள ஊற்றுநீர்க் குழாயான பீலியின் நீரில், நூறு மில்லிலீற்றருக்கு அறுபத்திரண்டு என்ற அளவில், மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி உள்ளது. அதே நாளில், அதே மலையில், தேநீர் வாளியிலிருந்து எடுத்த மாதிரியில் அக்கிருமி இல்லை. இரண்டு மாதிரிகளையும் தங்கள் பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் 2025.07.04 அன்று நேரில் எடுத்தார். அறிக்கையின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

2. இந்த இரண்டு எண்களும் ஒருவருடைய வேலையைப் பற்றியவை. காளியாயி, வயது 54, மேல் டிவிசனில் பதினொரு வருடங்களாகத் தேநீர் காவியவர். காலையில் தொழிலாளரைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலுள்ள அடுப்பில் தேநீர் கொதிக்க வைத்து, மூடிய அலுமினிய வாளியில் தலைச்சுமையாக மலைக்குக் கொண்டுபோய், கொழுந்து பறிப்பவர்களுக்குப் பத்து மணிக்கு ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. கடந்த மே 20 முதல் ஜூன் 30 வரை எமது தோட்டத்தில் பத்தொன்பது பேருக்கு, மஞ்சட்காமாலை எனப்படும் செங்கமாரி கண்டது. ஜூன் 23 அன்று தயாரான தங்கள் பணிமனையின் இடைக்கால அறிக்கை, "தேநீர் காவுபவரின் கைச் சுகாதாரக் குறைபாடு காரணமாக இருக்கலாம்" என்றது. மறுநாளே தோட்ட நிர்வாகம் அவரை அந்த வேலையிலிருந்து நிறுத்தியது. நிரந்தரமாக நீக்குவதா என்பதை முடிவு செய்யும் விசாரணை இம்மாதம் 25ஆந் திகதி காலை தோட்டத் தலைமை அலுவலகமான பெரிய ஒபிசில் நடைபெறவுள்ளது.

3. ஒன்றை இங்கே மறைக்காமல் கூற வேண்டும். ஜூன் 26 அன்று வெளியான "தேநீர் வாளியால் பரவிய செங்கமாரி" என்ற பத்திரிகைச் செய்தியை எழுதியவன் நான். இடைக்கால அறிக்கையை வாசித்தேன், நிர்வாகத்தின் நலன்புரி அலுவலரிடம் கேட்டேன், காளியாயியிடம் கேட்கவில்லை. தங்கள் அறிக்கையில் இருந்த சந்தேகம் என் செய்தியில் இல்லாமற் போனது. திருத்தம் ஜூலை 12 அன்று வெளிவந்துள்ளது. ஆனால் பத்திரிகைத் திருத்தம் அலுவலகக் கோப்பைத் திருத்தாது. ஆகவே இம்மனு.

4. செய்தி வந்த பின்னர் காளியாயி என் வீட்டு வாசலுக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. "கையக் கழுவச் சொன்னாங்க, கழுவுனேங்க. இன்னும் எத்தன தடவ கழுவுறதுங்க சார்? சவுக்காரந்தான் தேயுது, பேச்சு தேயமாட்டேங்குதே" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியுள்ளேன். அவருடைய மருமகள் கிருஷாந்திக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் பின் மருமகளுக்குக் காய மருந்து அரைப்பதும் பத்தியச் சோறு ஆக்குவதும் தன் பொறுப்பு என்றிருந்த காளியாயியை, அந்தச் சமையலில் கைவைக்க வேண்டாமென்று உறவினர் கூறிவிட்டனர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இன்று அவர் நீட்டும் கோப்பையை யாரும் வாங்குவதில்லை.

5. அதன் பின் நான் செய்ய வேண்டியதை, முன்னரே செய்திருக்க வேண்டியதை, செய்தேன். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்களும் பத்து மணி இடைவேளையின்போது மலையில் இருந்தேன். காளியாயியின் அதே வாளியில் அப்போது லோஜன் என்னும் தொழிலாளி தேநீர் காவினார். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் திரு. மேர்வின் தமது வெப்பமானியை இரவல் தந்தார். முதலாம் நாள் தாமே வந்து அளந்தும் காட்டினார்.

6. முதலில் நோயாளர் பட்டியலைப் பார்த்தேன். பத்தொன்பது பேரும் ஏழாம் நம்பர் மலைக் குழுவைச் சேர்ந்தவர்கள். பதினெட்டுப் பெண்கள், ஒருவர் கங்காணி. காளியாயி ஏழாம் நம்பர் மலையில் ஊற்றி முடித்ததும், அதே வாளியுடன், அதே அகப்பையுடன், பக்கத்திலுள்ள நான்காம் நம்பர் மலைக்குப் போவார். அங்கே முப்பத்தெட்டுப் பேர் அவர் கையால் தேநீர் வாங்கிக் குடித்தார்கள். அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் செங்கமாரி வரவில்லை. கை ஒன்று, வாளி ஒன்று. நோய் மட்டும் ஒரு மலையில் நின்றுவிட்டது. காரணம் வாளியில் இருந்திருக்குமானால் அது நான்காம் நம்பர் மலைக்கும் நடந்து போயிருக்க வேண்டும்.

7. இரண்டு மலைகளுக்கும் உள்ள வேறுபாடு பீலி. ஊற்று நீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்ட அந்த இடம் ஏழாம் நம்பர் மலையில், தேநீர் ஊற்றும் கல்லுக்கு ஆறு அடி தள்ளி இருக்கிறது. நான்காம் நம்பர் மலையில் பீலி இல்லை.

8. இனி நேரக் கணக்கு. தேநீர் ஏழாம் நம்பர் மலைக்கு வந்து சேரும்போது அதன் சூடு எழுபத்தொரு பாகை செல்சியஸ். இடைவேளை பத்து நிமிடம். நாற்பத்தொரு பேருக்கும் ஊற்றி முடிக்க ஆறு நிமிடம் செல்கிறது. வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு மிஞ்சுவது நான்கு நிமிடம். எழுபத்தொரு பாகைத் தேநீரை நான்கு நிமிடத்தில் குடிக்க முடியாது. ஆறவைத்துக் குடித்தால், கொழுந்து பறிக்கும் தேயிலை வரிசையான நிறைக்குத் திரும்பப் பிந்திவிடும். பிந்தினால் அன்றைய கொழுந்து குறையும். குறைந்தால் அரைநாள் சம்பளமே பதிவாகும். அதை அவர்கள் அரைப்பேர் என்பார்கள். எனவே அரைக் கோப்பை தேநீரை வாங்கி, மீதி அரைக் கோப்பையைப் பீலியில் பிடித்து, ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார்கள். மூன்று நாட்களும் எண்ணினேன்; நோயால் வேலைக்கு வராதவர்களிடம் கேட்டறிந்து சேர்த்தேன். நாற்பத்தொரு பேரில் முப்பத்தைந்து பேர் அப்படித்தான் செய்தார்கள். ஏனைய ஆறு பேர் செய்யவில்லை. அந்த ஆறு பேரில் எவருக்கும் நோய் வரவில்லை. முப்பத்தைந்து பேரில் பதினாறு பேர் ஏன் தப்பினார்கள் என்பது எனக்குத் தெரியாது. சிறுவயதில் இந்நோய் வந்துபோனவர்களுக்கு மறுபடி வருவதில்லை என்று வைத்தியசாலை மருத்துவர் கூறினார்.

9. நான்காம் நம்பர் மலைக்குத் தேநீர் போய்ச்சேர மேலும் இருபத்தைந்து நிமிடமாகிறது. அங்கே சூடு ஐம்பத்தாறு பாகை. கோப்பைக்குக் கோப்பை இரண்டு முறை ஆற்றினால் குடிக்கலாம், குடிக்கிறார்கள். அவர்கள் சுகாதாரத்தில் கூடியவர்கள் அல்லர். அவர்களுக்குக் கிடைப்பது ஆறிய தேநீர், அவ்வளவுதான்.

10. இந்தப் பழக்கம் இதுவரை யார் கண்ணிலும் படாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற வருடம் தங்கள் பணிமனை நடத்திய கொதிநீர் இயக்கம் எமது லயங்களில் நன்றாகவே வேரூன்றியது. வீட்டுக்கு வீடு மூடியுடன் கொதிநீர்ப் பானை இருக்கிறது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போத்தலில் ஆறிய நீர் கொண்டுபோகிறார்கள். இதை நான் முகத்துதியாக எழுதவில்லை. நாற்பத்தாறு வீடுகளில் பார்த்தே எழுதுகிறேன். நோய் கண்டதும் தங்கள் உத்தியோகத்தர்கள், "கொதிக்காத தண்ணீர் குடிப்பதுண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்ற பதிலையே எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யல்ல. பன்னிரண்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்து திரும்பிய ஷாமிலாவிடம் நானும் அதையே கேட்டேன். "பச்சத்தண்ணி நாங்க தொடுறதே இல்லங்க சார். மலையில தேத்தண்ணி மட்டுந்தான்" என்றார். தேத்தண்ணியை எப்படி ஆறவைப்பீர்கள் என்று கேட்டபோதுதான் பீலியைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. "ஐயோ, அதுவும் தண்ணி தானேங்க" என்றார். தேநீருக்குள் ஊற்றிய நீரை அவர்கள் எவரும் நீர் என்று எண்ணியதில்லை.

11. இதில் எவரையும் ஏளனம் செய்ய இடமில்லை. இடைவேளை முடிந்ததாக விசில் ஊதும் கங்காணி திரு. அழகனும் அதே பீலித் தண்ணீரைக் கலந்தே குடித்தார். பத்தொன்பது பேரில் அவரும் ஒருவர். மூன்றாம் நாள் வரிசையில் நின்ற நிஷாந்தி என்பவர், "அழகண்ணே, மொதல்ல ஒங்க விசில ஆறவச்சு ஊதுங்க, பொறவு நாங்க தேத்தண்ணிய ஆறவைக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தனர், அழகன் உட்பட. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரம் தவறாமல் விசிலை ஊதினார்.

12. பீலி எப்படிக் கெட்டது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பீலியின் ஊற்றுக்கு மேலே, சரிவில், சென்ற வருடம் கட்டப்பட்ட மலசலகூடக் குழி இருக்கிறது. நானும் திரு. மேர்வினும் நாடா பிடித்து அளந்தோம். முப்பத்தாறு அடி. தங்கள் பணிமனை விநியோகித்த துண்டுப்பிரசுரம் ஐம்பது அடிக்குக் குறையக் கூடாது என்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரப் பெருமழையில் அந்தக் குழி நிரம்பி வழிந்ததைப் பக்கத்து லயத்தார் கண்டிருக்கிறார்கள். ஐந்து வாரங்களின் பின் முதல் நோயாளி வைத்தியசாலைக்குப் போனார். குழி நீர் ஊற்றை அடைந்ததா என்பதை உறுதி செய்ய வேண்டியது சாயப் பரிசோதனை. அதைப் பற்றிக் கீழே கூறுகிறேன்.

13. காளியாயியை நிறுத்தியதால் நோய் தடுக்கப்பட்டது என்று கருதினால், அது நேர்மாறு. நீர் மாதிரி எடுத்த பின்னர், பழைய வாளிக்குப் பதிலாக நிர்வாகம் சூடு காக்கும் புதிய கொள்கலன் ஒன்றை வாங்கி, லோஜனிடம் ஒப்படைத்துள்ளது. நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் அதில் வரும் தேநீரின் சூடு எண்பத்தாறு பாகை. முன்பு அரைக் கோப்பை பிடித்தவர்கள் இப்போது முக்கால் கோப்பை பிடிக்கிறார்கள். ஜூலை 9, 11 ஆகிய நாட்களில் இருவர் புதிதாக வைத்தியசாலையில் சேர்ந்துள்ளனர். அவர்களுக்குப் புதிய கொள்கலனால் நோய் வந்தது என்று நான் கூறவில்லை; நோய் உள்ளே இருந்து வெளிப்பட எடுக்கும் காலத்தைப் பார்த்தால் அதற்கு முன்னரே வந்திருக்கலாம். பீலி இன்னும் திறந்திருக்கிறது என்பதை மட்டுமே கூறுகிறேன்.

14. காளியாயி தம் விருப்பத்தின் பேரில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அண்மைக் காலத்தில் அவருக்கு இந்நோய்த் தொற்று ஏற்படவில்லை என்பது மாவட்ட வைத்தியசாலையின் ஜூலை 8ஆந் திகதிச் சான்று. அதை இம்மனுவில் சேர்க்க அவரே சம்மதித்து, பிரதியின் பின்புறம் கையொப்பமிட்டுள்ளார்.

15. ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்பவை:

(அ) ஏழாம் நம்பர் மலைப் பீலியை உடனே அடைத்து, குடிக்கவோ கலக்கவோ கூடாதென்று தமிழிலும் சிங்களத்திலும் பலகை வைத்தல். இதற்கு எந்த அறிக்கைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கையிலுள்ள அறிக்கையே போதும்.

(ஆ) ஜூன் 23 இடைக்கால அறிக்கையைத் திருத்தி, திருத்திய பிரதியை 25ஆந் திகதிக்கு முன் தோட்ட நிர்வாகத்துக்கு அனுப்புதல்.

(இ) பத்து மணித் தேநீரை ஒன்பதரைக்கே மலையில் இறக்கி, மூடியபடி ஆறவிட்டு ஊற்றும்படியும், இடைவேளையை இருபது நிமிடமாக்கும்படியும் நிர்வாகத்துக்குத் தங்கள் பணிமனையின் பரிந்துரையை அனுப்புதல். முதலாவதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

(ஈ) குழியை இடம் மாற்ற உத்தரவிடுதல்.

(உ) இனிமேல் வீடு வீடாக விசாரிக்கும் படிவத்தில், "தேநீரை எதனால் ஆறவைக்கிறீர்கள்?" என்ற ஒரு வரியைச் சேர்த்தல். மற்றத் தோட்டங்களிலும் பத்து நிமிடந்தான் இடைவேளை. மற்ற மலைகளிலும் பீலி உண்டு.

16. தங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நான் கூறியதைக் கேட்ட அன்றே, அடுத்த நாளுக்குத் தள்ளாமல், மாதிரிப் போத்தல்களைப் பதிவு செய்து மலையேறினார். அந்த வேகம் இருந்தமையால்தான் முதலாம் பந்தியிலுள்ள அறிக்கை இன்று என் கையில் இருக்கிறது. மீதியும் நடக்கும் என்று நம்புவதற்கு அதுவே எனக்குப் போதுமான ஆதாரம்.

17. எஞ்சியிருப்பவை இரண்டு. குழியில் சாயம் ஊற்றி ஜூலை 11 அன்று எடுத்த இரண்டாம் மாதிரிகளின் முடிவு ஜூலை 22 செவ்வாய்க்கிழமை கிடைக்குமென ஆய்வுகூடம் அறிவித்துள்ளது. காளியாயியின் விசாரணை ஜூலை 25 வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இடையில் இருப்பவை இரண்டு வேலை நாட்கள். அந்த விசாரணைக்கு அவர் துணைக்கு எவரையும் அழைக்கவில்லை. தங்கள் பணிமனையின் முத்திரையுள்ள ஒரு கடிதத்தைக் கையில் கொண்டுபோகவே கேட்கிறார். 25ஆந் திகதி காலை ஒன்பது மணிக்கு அது அவர் கையில் இருக்கும்படி ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் கடமையுணர்வில் நம்பிக்கையுள்ள,

(கையொப்பம்)
சூ. ஞானரட்ணம்

மேலே என்னைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். சரி.
(கையொப்பம்)
மூ. காளியாயி

இடம்: லின்டர்மோர் தோட்டம், மேல் டிவிசன்
திகதி: 2025.07.14

இணைப்புகள்: நீர்ப் பரிசோதனை அறிக்கை (10.07.2025), இரத்தப் பரிசோதனைச் சான்று (08.07.2025), மூன்று நாள் நேர, வெப்பக் குறிப்புகள், ஆசிரியர் மேர்வினின் கையொப்பத்துடன், பத்திரிகைத் திருத்தம் (12.07.2025).

பிரதி: தோட்ட முகாமையாளர், லின்டர்மோர் தோட்டம்.