தவிட்டுக்கு வாங்கியவளின் ஆட்சேபணை

இந்தக் கோபத்தையும் இந்தக் கிளிமூக்கையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். தாசில்தார் ஆபீஸ் இல்லாத ஊராக இருந்தால் நீங்கள் இருக்கிற இடம் சொர்க்கம்தான். நான்தான் சௌக்கியமாக இல்லை. வயிறு எரிகிறது அப்பா. யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும். வீட்டு விஷயத்தைச் சுவரில் ஒட்டவைத்தவன் உங்கள் மகன், நான் இல்லை.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக என் தையல் கடையைப் பூட்டிவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து புறப்பட்டேன். திருநெல்வேலியில் சீவலப்பேரி டவுன் பஸ் பிடித்து, நின்றுகொண்டே வந்து நம் ஊரில் இறங்கினால், எதிரே வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவரில் உங்கள் பெயர். உங்கள் பெயரை எங்கே பார்த்தாலும் கால் நின்றுவிடும் எனக்கு. நின்று படித்தேன்.

பட்டா மாறுதல் அறிவிப்பு. ஆற்றோரத்து வயல் நம்பர் போட்டு, 'மேற்படி இறந்தவருக்கு மனைவி, மகன் தவிர வேறு வாரிசுகள் எவரும் இல்லை' என்று அச்சடித்திருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமாம். மனு கொடுத்தவர் பெயர் கோமதிநாயகம். நம் நாயகம்! நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த தம்பி!

தலையாரி அந்தப் பக்கமாக வந்தார். "என்னக்கா, கொடைக்கு வந்தியளா?" என்று சிரித்தார்.

"கொடை கிடக்கட்டும். இத யாரு ஒட்டுனது?"

"நான்தான். ஆபீஸ்ல குடுத்தாவ, ஒட்டுனேன். படிச்சா பாத்தேன்?"

அவரைச் சொல்லி என்ன? நீங்கள் போன அன்று அதே சுவரில்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். உங்கள் படத்துக்குக் கீழே 'மகள்: பிச்சம்மாள்' என்று போட்டிருந்தது. அந்தப் போஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்தவனும் இதே நாயகம்தான். அழுவதற்கு மட்டும் மகள் வேண்டும், வயல் என்றால் எவரும் இல்லை. அடுக்குமா இது?

அங்கேயே நின்று போன் போட்டேன். "ஏலே நாயகம், நான் யாருலே?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "அக்கா, அது சும்மா ஒரு இதுக்கு. வயல பிளாட் போடக் கேக்காங்க. எல்லாரையும் சேத்தா இழுத்துக்கிட்டே போகும்லா."

எல்லாரும் என்றால் யார் அப்பா? நான் ஒருத்திதானே!

உங்களுக்கு என் குணம் தெரியும். அவன் ஒரு நடை கடைக்கு வந்து, "அக்கா, கையெழுத்துப் போடு" என்று கேட்டிருந்தால், மெஷினில் இருந்த ரவிக்கையைக் கூட எடுக்காமல் போட்டுக் கொடுத்திருப்பேன். காபியும் போட்டுக் கொடுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை. என்னையே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எழுதினேன் நானும் ஆட்சேபணை. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

தாசில்தார் ஆபீஸில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நாயகம் பாளையங்கோட்டையிலிருந்து அம்மாவைக் காரில் கூட்டி வந்தான். நீங்கள் போனதிலிருந்து அம்மா அவன் வீட்டில்தான் இருக்கிறாள். விசாரித்த அதிகாரி வயதில் சின்னவர், வெளியூர்க்காரர். "இந்தம்மா உங்க அக்காதானே?" என்று அவனைக் கேட்டார்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இவங்க எங்க வீட்ல வளந்தவங்க சார். எங்க அம்மா பெத்த பிள்ள இல்ல. தவிட்டுக்கு வாங்குனது. ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாவ."

கேட்டீர்களா அப்பா? உங்கள் கேலியை அவன் ஆபீஸில் வைத்துச் சொல்கிறான்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் பிறந்ததும் நீங்களும் அம்மாவும் என்னை நெல் புடைக்கிற சுளகில் போட்டு அடுத்த வீட்டுப் பேச்சி அத்தையிடம் கொடுத்தீர்கள். பிறகு ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து விலைக்கு வாங்கினீர்கள். இது வாங்கிய பிள்ளை, இவர்கள் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போவானாம். அதற்காகத்தான் பிச்சம்மாள் என்று பெயரும் வைத்தீர்கள். எமன் ஏமாந்தானோ இல்லையோ, நான் பிழைத்துக்கொண்டேன். என் பின்னால் நாயகமும் பிறந்தான்.

அதை அத்தோடு விட்டீர்களா? வீட்டுக்கு யார் வந்தாலும், "இது தவிட்டுக்கு வாங்குனதுல்லா" என்று என் தலையைத் தட்டிச் சொல்லிச் சிரிப்பீர்கள். நான் கண்ணைக் கசக்கினால், "அழாத, தவிடு விலை ஏறிட்டு, இனி உன்னத் திருப்பிக் குடுக்க முடியாது" என்று தூக்கிக்கொள்வீர்கள். எனக்கு அது செல்லம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தானே ஒருவன், அவனுக்கு அது என்னவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதிகாரி அவனிடம் கேட்டார்: "தவிட்டுக்கா? அப்படி வாங்குனதுக்கு ஏதாவது பத்திரம் இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்தேன். "வளத்த பிள்ளைக்கும் அப்பா பேரு போடுவாங்கல்லம்மா. பிறப்புச் சான்று இருக்கா?" என்றார்.

இல்லை. வீட்டில் பிறந்தவள் நான். நாயகத்துக்கு மட்டும் ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு வந்தீர்களே, எனக்கு ஏன் பதியவில்லை? இதுவும் எத்தனை நாளைக்கோ என்று இருந்துவிட்டீர்களா? அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. கேட்பதற்கு நீங்கள் இல்லை.

"உங்கப்பா போட்டோவும் என் மூக்கும் போதாதா சார்?" என்று கத்தினேன். "இந்த மூக்க எவன் தவிட்டுக்கு வித்தான்?" அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோபத்தில் 'எங்கப்பா' என்பதற்கு 'உங்கப்பா' என்று வாய் உளறிவிட்டது வேறு.

அதிகாரி அம்மா பக்கம் திரும்பினார். "அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது சார்" என்று முந்திக்கொண்டான் நாயகம்.

"கேக்கும்லே" என்றாள் அம்மா. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, இவ தவிட்டுக்கு வாங்குனவதான்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவன் சோறு போடுகிறான், அவன் பக்கம்தானே பேசுவாள் என்று நினைத்தேன். பெற்றவளையே அந்த நிமிஷம் வெறுத்தேன் அப்பா.

அம்மா இன்னும் முடிக்கவில்லை. "மூத்தது ரெண்டும் தக்கல. மூணாவதா இவளப் பெத்தேன். சுளகுல போட்டு பேச்சி மதினிகிட்ட நான்தான் குடுத்தேன். தவிடு அளந்து திருப்பி வாங்குனதும் நான்தான். நான் பெறாத பிள்ளைய நான் எப்படிய்யா இன்னொருத்திக்குக் குடுக்க முடியும்?" பிறகு நாயகத்தைப் பைய ஒரு பார்வை பார்த்தாள். "இவளுக்காவது ஒரு படி தவிடு குடுத்தேன். இவன் சும்மா வந்தவன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். என் பெயரையும் சேர்த்துப் புது அறிவிப்பு ஒட்டச் சொல்வதாகச் சொன்னார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? வெளியே வந்ததும், "என்கூட அம்பைக்கு, என் வீட்டுக்கு வாம்மா" என்று அம்மா கையைப் பிடித்தேன். "வேண்டாம்ட்டி. என் துணிமணி, மாத்திர எல்லாம் அங்கனதான் இருக்கு. அவனும் நான் பெத்ததுதான்" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். வேறு தாயாக இருந்தால் அவன் மேல் மண்ணை வாரித் தூற்றிவிட்டு என்னோடு வந்திருப்பாள். நாயகம் என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

சாயந்திரம் போன் போட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "கஞ்சி குடிச்சேன்" என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். "நீ வை, கரண்ட் காசு ஆகும்" என்று போனை வைத்துவிட்டாள். போனுக்கு எங்கே அப்பா கரண்ட் காசு? அந்த வீட்டில் பேசப் பயந்துதானே அப்படி உளறினாள்? ஆபீஸில் அத்தனை பேர் நடுவில் பயப்படாதவள் அங்கே பயப்படுகிறாள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புது அறிவிப்பு ஒட்டுகிற அன்று நான் ஊருக்குப் போவேன். தலையாரியின் பசை வாளியை நானே பிடித்துக்கொள்வேன். என் பெயர் ஒட்டி, பசை காய்கிற வரை அந்தச் சுவரை விட்டு நகர மாட்டேன். வயலில் என் பங்கில் ஒரு வரப்பைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் பிளாட் கல் ஊன்ற வருகிறவன் முதலில் என்னைத் தாண்டட்டும். அங்கே நெல்தான் விளையும்.

அறுப்பு முடிந்து அந்த நெல்லைக் குத்தினதும், தவிட்டை ஒரு படி அளந்து எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போவேன். நாயகம் வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்து, அவன் பார்க்கப் பார்க்க, அம்மாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
எவரும் இல்லை என்று அச்சடிக்கப்பட்ட அந்த 'வேறு வாரிசு',
உங்கள் மகள்
பிச்சம்மாள்