மீ.அ.

உ
தென்னூர்,
11.11.2024

அன்புள்ள பூமா டீச்சருக்கு, ஜோதி எழுதுவது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக உங்கள் துளசிக்கு நீங்கள் ஊற்றிவருவது மீன்.

முழு மீன் இல்லை. தலை, வால், செதில், குடல். அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரை போட்டு, நாற்பது நாள் மூடிவைத்து வடிகட்டியது. மாடித்தோட்டக்காரர்கள் மீன் அமிலம் என்போம். பக்குவமாக ஊறிவிட்டால் மீன் வாடையே இருக்காது, பழுத்த பழம் மாதிரி மணக்கும். அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

ஆடியில் நீங்கள் மலைக்கோட்டைக் கடைக்கு வந்து பஞ்சகவ்யம் கேட்டபோது இருப்பு இல்லை. "இதை ஊத்திப் பாருங்க டீச்சர், அதைவிட நல்லா வேலை செய்யும்" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆவணி கல்யாணத்துக்கு முந்நூறு பிளாஸ்டிக் தாம்பூலக் கூடை கேட்டு ஒரு குடும்பமே கடையில் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் எந்த வீதி, துளசி எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். யோசிக்கவில்லை.

பாட்டிலில் மீ.அ. என்று எழுதியிருந்தேன். பஞ்சகவ்யம் என்றால் ப.க., மீன் அமிலம் என்றால் மீ.அ. எனக்கும் கடையில் வேலை பார்க்கும் இருளாயிக்கும் புரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் பண்ணி, மார்கழி வருகிறது, எங்கள் வீதியில் எல்லோருக்கும் அந்த மருந்து வேண்டும், பன்னிரண்டு பாட்டில் அனுப்பு என்றீர்களே, அப்போதுதான் மாட்டினேன். இருளாயி புனலை வைத்து ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"யாருக்குக்கா பன்னெண்டு?"

"சீரங்கம் டீச்சருக்கு. துளசிக்கு ஊத்தறதுக்கு."

"ஏங்க்கா, ஐயரு வீட்டுத் துளசிக்கா மீனு?"

"ஐயர் இல்லடி, ஐயங்கார்."

"அப்பப் பரவால்லியாக்கா?"

அவள் கையிலிருந்த புனலைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

பேசாமல் பன்னிரண்டிலும் பஞ்சகவ்யத்தை ஊற்றி அனுப்பியிருந்தால் உங்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அந்த யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் குடம் விற்ற காலத்திலேயே ஓட்டைக் குடத்தை ஓட்டைக் குடம் என்று சொல்லித்தான் விற்றேன். செடி வைக்கிறவர்கள் வாங்கிப்போனார்கள். அப்படித்தான் இந்தச் செடி வியாபாரத்துக்கே வந்தேன்.

இதைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. விதை அனுப்பும் கவரில் கூடவே ஒரு கடிதம் வைப்பது நீங்கள் தொடங்கிவைத்த பழக்கம். இந்தத் தடவை விதை இல்லை, கடிதம் மட்டும்.

மீதி இருப்பதைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள், ஊர்ப் பூனையெல்லாம் வந்துவிடும். திட்டுவதென்றால் கடைக்கே வந்து, நாலு பேர் முன்னால் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஜோதி


உ
தென்னூர்,
22.11.2024

அன்புள்ள டீச்சருக்கு,

பதினோரு நாள் ஆகிவிட்டது. மூன்று தடவை போன் பண்ணினேன். ஒரு தடவை உங்கள் வீட்டு சார் எடுத்து, "அவ மாடில இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். உங்களுடையது ஓட்டு வீடு. மாடி எப்போது கட்டினீர்கள்?

இங்கே மழை விடவே இல்லை. தக்காளிப் பைகளில் தண்ணீர் தேங்கி, நேற்று ஒவ்வொரு பைக்கும் அடியில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். கத்தரிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் மாதிரி. நீங்கள் குச்சி கொடுத்தீர்களே, அடுக்கு நந்தியாவட்டை, அதில் முதல் மொட்டு வந்திருக்கிறது. யாரிடம் சொல்வது? இருளாயியிடம் சொன்னேன். "விக்குமாக்கா?" என்றாள்.

எனக்கு வாடிக்கைக்காரர்கள் ஏராளம் டீச்சர். விலை குறைக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள், சரக்கு எப்போது வரும் என்று கூப்பிடுவார்கள். ஒரு மொட்டு வந்தது என்று நான் கூப்பிடக்கூடிய ஆள் திருச்சி முழுக்க நீங்கள் ஒருத்தர்தான். அந்த நஷ்டத்தை எந்த ஆடித் தள்ளுபடியிலும் ஈடுகட்ட முடியாது.

இத்துடன் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பால்காரர் பிச்சமுத்து வீட்டு நாட்டு மாட்டின் சாணம், கோமியம், பால், தயிர், நெய், அதோடு இளநீரும் பூவன் பழமும். நானே பக்கத்தில் நின்று கலக்கவைத்தேன். மீன் மார்க்கெட் பக்கமே அன்றைக்குப் போகவில்லை. இந்தத் தடவை சுருக்கி எழுதாமல் முழுப் பெயரும் எழுதியிருக்கிறேன்: பஞ்சகாவியம்.

பதில் எதிர்பார்க்கும்,
ஜோதி


ஸ்ரீ:
கீழச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்,
29.11.2024

ஜோதிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய்.

நான்கு மாதமாகத் தினமும் காலையில் அந்தத் துளசியைக் கிள்ளித்தான் ஆத்துப் பெருமாளுக்குத் திருவாராதனம் நடந்தது. அதைத்தான் தீர்த்தத்தில் சேர்த்தோம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அப்படியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

மீ.அ. என்பதை நான் என்னவென்று படித்தேன் தெரியுமா? மில்லி அளவு. 'மில்லிக்குப் போய் நெடில் போட்டிருக்கிறாளே இந்தப் பெண்' என்று, சிவப்புப் பேனாவை எடுத்து மீ-யை மி ஆகத் திருத்தியும் வைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நோட்டுத் திருத்திய கை. அத்தனை வருஷத்தில் நான் சரியை எடுத்துத் தப்பாக்கியது இந்த ஓர் எழுத்துதான்.

இன்னொன்றும் கேள். புரட்டாசியிலிருந்து ஒரு சாம்பல் பூனை தினமும் துளசியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்காத்து மாமா பரவசப்பட்டுப்போய், "போன ஜென்மத்துல பெரிய பாகவதரா இருந்திருக்கும்டி, பிரதட்சிணம் பண்றது பாரு" என்று தயிர்சாதம் வைத்தார். அது தயிர்சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று ஏகாதசி. உபவாசம் போலிருக்கிறது என்று இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மத்ஸ்யம்தானேடி முதல் அவதாரமே? பெருமாளுக்கு இது என்ன புதுசா?" என்றார். அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். அன்று அவருக்கு வெறும் ரசம்தான் தளிகை.

பன்னிரண்டு அகத்துக்கும் போய்ச் சரக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அறுபத்து நான்கு வயதில் பன்னிரண்டு பொய்.

உன் பாட்டில் வந்தது. பஞ்சகாவியம் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து காவியங்களையா அதற்குள் அடைத்தாய்? பஞ்சகவ்யம். கா இல்லை, க. ஏழு தடவை எழுதிப் பழகு.

கோபம் வேறு, மாவுப்பூச்சி வேறு. செம்பருத்தித் தண்டு முழுக்கப் பஞ்சு ஒட்டினது போல் அப்பியிருக்கிறது. மொட்டெல்லாம் கொட்டுகிறது. மீன் இல்லாத வழி ஏதாவது தெரிந்தால் மட்டும் எழுது.

பூமா வரதராஜன்


உ
தென்னூர்,
3.12.2024

டீச்சருக்கு வணக்கம்.

செம்பருத்திக்கு: முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, பூச்சியைக் கீழே தள்ளிவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்கு ஊறவைத்துக் கரைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீரும் சேர்த்து, சாயங்காலமாக அடியுங்கள். இலைக்குக் கீழே மறக்காமல். ஐந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை. பக்கத்தில் எறும்பு சாரை போகிறதா பாருங்கள், பூச்சியைத் தூக்கிக்கொண்டு வருவதே அதுதான். வேப்ப மரம், பூந்தி மரம். மீன் இல்லை. மில்லி என்று முழுசாகக் குறில் போட்டு எழுதியிருக்கிறேன்.

துளசி விஷயம். அதைப் பிடுங்க உங்களுக்கு மனசு வராது. பூஜைக்கு எடுக்கவும் கை வராது. தினமும் அதைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டு நிற்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. தொட்டியோடு எனக்குக் கொடுத்துவிடுங்கள். என் மாடியில் அது ராணி மாதிரி இருக்கும்.

தப்பு என்னுடையது. அதில் பேச்சே இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்தாலும் சரி. சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "என்னடி இது மீ.அ.?" என்று கேட்டிருக்கலாமே டீச்சர்?

ஏழு தடவை எழுதிவிட்டேன். பின்பக்கம் பார்க்கவும்.

ஜோதி


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்,
10.12.2024

அன்புள்ள ஜோதிக்கு,

போட்டுவிட்டேன், பார்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டாய். ஒரு வாரமாக அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மாமாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். அதே வாரம் ஆத்துத் துளசி கருகியது. அதன்பின் வைத்த மூன்றும் கருகின. சகுனம், கிகுனம் என்று பேசாதீர்கள் என்று வகுப்பில் எத்தனை குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பேன்! ஆனால் ஓர் இலை வாடினாலும், காபி கொடுக்கிற சாக்கில் மாமாவின் கையைப் பிடித்து நாடி பார்ப்பேன். ஆடியில், நான்காவதாக வைத்ததற்கு நீ கொடுத்த மருந்தை ஊற்றினேன். பத்தே நாளில் கொழுந்து விட்டது. மாமாவும் அதே சமயம் ராஜகோபுரம்வரை நடந்துவிட்டு வர ஆரம்பித்தார். எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆவணியில் ஒருநாள், பாட்டில் மூடியின் உட்புறம் பளபளவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகம் அளவு இருக்கும். வெங்காயத் தோல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடைத்தேன்.

எங்கள் ஆத்தில் வெங்காயமே கிடையாது, ஜோதி.

கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொல்லிவிட்டால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் துளசி கருகும். அதனால்தான் கேட்கவில்லை. வீதிக்கே பன்னிரண்டு பாட்டில் கேட்டதும் அந்தப் பயத்தில்தான். பன்னிரண்டு அகத்திலும் ஊற்றிவிட்டால் அது வெங்காயத் தோல்தான் என்று ஆகிவிடும், இல்லையா? உன்மேல் வந்த கோபத்தில் முக்கால் பங்கு என்மேல் வந்தது. நீ கிட்டத்தில் அகப்பட்டாய்.

பெருமாளிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகவும் ஒன்றும் சொல்வதில்லை. மாமாவிடம் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டி, "நாடியப் பாத்துக்கோ, இன்னிக்கும் நன்னாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு முழுத் தளிகை.

துளசியை ஆட்டோவில் அனுப்புகிறேன். பழகினதையே அதற்கு ஊற்று. ருசி கண்ட செடி, திடீரென்று விரதம் இருக்கச் சொல்லாதே. அதன் கதிரை உதிர்த்து விதை எடுத்துவைத்திருக்கிறேன். விதை எந்தப் பாட்டிலையும் கண்டதில்லை. அதை உன் பஞ்சகவ்யத்தில் வளர்த்து, அந்தக் கன்றைப் பெருமாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு அகமும் இன்னும் கேட்கிறது. பஞ்சகவ்யமே அனுப்பு. ஆனால் ஒரு நிபந்தனை: இனி உன் கடையில் எந்தப் பாட்டிலுக்கும் நீ பெயர் எழுதக் கூடாது. எல்லா லேபிளும் நான் எழுதித் தருவேன், மீன் அமிலம் உட்பட. மீன் என்று எழுதினால் பேனா ஒன்றும் கெட்டுவிடாது. பஞ்சகவ்யத்துக்கு லேபிள் ஒன்று ஒரு ரூபாய், மீன் அமிலத்துக்கு இரண்டு. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டாமா?

செம்பருத்தியில் இன்று மூன்று பூ.

ஆசீர்வாதங்களுடன்,
பூமா

பி.கு: பூனை இன்னும் வருகிறது. பாவம், ஏமாந்துபோய் இப்போது தயிர்சாதம் சாப்பிடுகிறது.


உ
தென்னூர்,
14.12.2024

அன்புள்ள டீச்சருக்கு,

துளசி வந்து சேர்ந்தது. இருளாயி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். காவேரிப் பாலத்தில் டிராபிக்கில் நின்றபோது ஆட்டோக்காரர், "சாமி செடியாம்மா?" என்று கேட்டாராம். "முன்னாடி சாமி செடி. இப்ப ரிட்டயர்டு" என்றாளாம்.

மாடியில் கிழக்கு மூலையில், நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பூ விரிந்துவிட்டது. போனில் போட்டோ அனுப்பினால் சாருக்குத்தான் போகும், நேரில் வந்து பாருங்கள். பொங்கல் கழித்து, ஏகாதசிக் கூட்டமெல்லாம் குறைந்தபிறகு சாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். என் வீட்டில் உங்களுக்குக் கைநனைக்க முடியாது என்று தெரியும். இளநீர் வெட்டித் தருகிறேன், அதில் நான் எதையும் கலக்க முடியாது.

வெங்காயத் தோல் கதையை இரண்டு தடவை படித்தேன். நம் இரண்டு பேரில் யார் சரக்கை மறைத்தது என்று இனிமேல் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்கக் கூடாது.

இனி நாம் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் தகராறு வரக் கூடாது. பஞ்சகவ்யம் பன்னிரண்டு பாட்டில், ஒன்று நூறு ரூபாய். காலி பாட்டில் திரும்பி வந்தால் பத்து ரூபாய் கழிவு. பழைய துளசி என்னிடம், அதன் கன்று உங்களிடம், இரண்டுக்கும் விலை கிடையாது. மாதம் ஒரு கடிதம், சந்தேகம் இருந்தால் அன்றைக்கே ஒரு போன். என் கடிதத்தில் பிழை இருந்தால் சிவப்பில் திருத்தித் திருப்பி அனுப்பலாம்; சரியாக இருப்பதைத் திருத்தினால் அபராதம் ஐந்து ரூபாய். பஞ்சகவ்ய லேபிள் ஒரு ரூபாய். மீன் அமில லேபிள் இரண்டு ரூபாய், நெடில் உட்பட.

சம்மதத்துடன்,
ஜோதி