இரண்டாவது வண்டி

பிலோமி,

போனில் பேச ஆரம்பித்தால் பேரன் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மகள் ரேச்சல் அங்கே மியூசியத்தில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 1930-களில் பிரெஞ்சுப் பட்டாளம் மிதவைப் பாலத்தில் பெரிய பீரங்கியை அக்கரைக்குக் கொண்டுபோகிறது. குழல் ஒரு வண்டியில், அடிச்சட்டம் இன்னொரு வண்டியில். முதல் வண்டி நடு ஆற்றில் இருக்கிறது. இரண்டாவது கரையில் புகைவிட்டுக்கொண்டு நிற்கிறது.

எண்ணூரில் நான் டிரெய்லர் ஓட்டியபோதும் இதே கதைதான். பாலம் தாங்காதென்றால் கிரேனை இரண்டாகக் கழற்றி ஏற்றுவோம். முதல் வண்டி அக்கரை ஏறி ஹாரன் அடிக்கும். அதுவரை இரண்டாவது வண்டிக்காரன் நகரவும் கூடாது, இன்ஜினை அணைக்கவும் கூடாது.

டோல்கேட் டீக்கடையில் வரதனிடம் படத்தைக் காட்டினேன். "இன்னா நைனா, பின்னாடி வண்டி எம்மா நேரமா நின்னுகினு கீது?" என்றான். டீ ஆறிப்போனது என்று பேச்சை மாற்றினேன்.

பிரசவம் பார்க்க மூன்று மாதம் என்று போனாய். பேரனுக்கு இரண்டு வயதாகிவிட்டது. இருக்கட்டும், குழந்தைக்கு ஆள் வேண்டும்தானே. "மொதல்ல நான் போறேன், சொன்னவொடனே நீ வா" என்றாய்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. பெட்டியையும் கட்டி வாசலோரம் வைத்திருக்கிறேன். ஒரு ஹாரன் அடி, போதும்.

உன் வீட்டுக்காரன்
ராயபுரம்